எந்த வரியில் இருக்கிறது? சீன மேல்நிலை மாணவர்களின் ஆங்கில வாசிப்பு – கேள்வி பதில்

நான் சிங்கப்பூரில் பிறந்தவன். குவாங்டோங் மாகாணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கப் போனேன். போன இடத்தில் ஒன்பது ஆண்டுகளில் பெரும்பகுதி காவ்சான் பிள்ளைகளோடு வாசிப்புப் பகுதியில்தான் கழிந்தது. காவ்சான் என்பது மேல்நிலையின் மூன்றாவது, கடைசி ஆண்டு. அது முடிந்ததும் ஜூன் 7 அன்று காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு தொடங்கும். 2024இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ஃபோஷான், ஒரு தாய்: என் கணவர் சீனர். மகள் இந்த ஆண்டுதான் மேல்நிலையில் சேர்ந்தாள். வாசிப்புக்கு இவ்வளவு பதற்றம் ஏன்? மொத்தத்தில் எவ்வளவு மதிப்பெண்?

ஆங்கிலத் தாள் 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். நாட்டு அளவில் அமைக்கப்படும் தாள்களில் குவாங்டோங் எழுதுவது புதிய பாடத்திட்டத்தின் 'முதல் தாள்'. அதன் பொது அமைப்பில் கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. குவாங்டோங்கில் கேட்டல் இந்தத் தாளோடு வராது, தனித் தேர்வாக நடக்கும், அதனால் அங்கே மதிப்பெண் கணக்கு கொஞ்சம் மாறும். வாசிப்பில் நான்கு பத்திகளுக்கு 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். மீதி 12.5, ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து வெற்றிடங்களில் பொருத்தும் 'ஏழில் ஐந்து' பகுதிக்கு.

ஆனால் இந்த 50ஐ மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எழுத்துப் பகுதியில் ஒரு கதையின் பாதியைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்வார்கள். அதற்கு 25 மதிப்பெண். கதையைச் சரியாகப் படிக்காதவள் அதைத் தொடர முடியாது. கோடிட்ட இடங்களை நிரப்பும் பத்தியும் வாசிப்புதான். பதற்றத்துக்குக் காரணம் அதுதான்.

சென்னை: சீனப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் சொல்லிக் கொடுக்க விரும்புகிறேன். எங்கே விண்ணப்பிப்பது?

2021 ஜூலையில் வந்த 'இரட்டைச் சுமைக் குறைப்பு' ஆணை, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பயிற்சி நடத்துவதைத் தடை செய்துவிட்டது. வேலைவாய்ப்பு என் துறை இல்லை. யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஈப்போ: எத்தனை சொற்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்?

பாடத்திட்டம் இந்தத் தேர்வுக்குச் சொல்லும் கணக்கு 3000 முதல் 3200 வரை. கடைகளில் 3500 சொல் பட்டியல் விற்பார்கள், அது பழைய கணக்கு.

எண்ணிக்கையை விட, தெரிந்த சொல் புது வேடத்தில் வருவதுதான் ஆளைச் சாய்க்கும். 'ஃபைன்' என்றால் நலம் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள். பத்தியில் அது அபராதமாக வரும். 'நாவல்' புதினமாக இல்லாமல் 'புதுமையான' என்று வரும். 'சவுண்ட்' ஓசையை விட்டு 'உறுதியான' என்ற பொருளில் நிற்கும். 'அட்ரஸ்' முகவரியாக இருந்தது, ஒரு சிக்கலைக் கையாள்வது என்று வினையாகும். புதுச் சொல்லைப் பார்த்தால் மாணவன் நின்று யோசிப்பான். தெரிந்த சொல்லில் நிற்கவே மாட்டான், நேராகப் பள்ளத்தில் விழுவான். இந்த வகைச் சொற்களுக்கென்று தனி நோட்டு போடச் சொல்லுங்கள்.

குவாங்சோ: பக்கத்து வீட்டுப் பையனுக்கு எல்லாச் சொல்லும் தெரிகிறது. அர்த்தம் கேட்டால் சொல்கிறான். விடை மட்டும் தப்பு. எங்கே கோளாறு?

நான் காத்திருந்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பையன் பத்தியைப் படித்துவிட்டு, தலைக்குள் ஒரு கதை செய்துகொள்கிறான். பிறகு நான்கு விடைகளையும் அந்தக் கதையோடு ஒப்பிடுகிறான். தாளில் இருக்கும் பத்தியோடு ஒப்பிடுவதில்லை. கேள்வி அமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தவறான விடைகளை அவர்கள் செய்யும் விதங்களுக்குச் சீன ஆசிரியர்கள் பழமொழிகளையே பெயராக வைத்திருக்கிறார்கள். 'ஜாங்கின் தொப்பி லீயின் தலையில்' என்பது ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ததாகச் சொல்வது. 'இல்லாததிலிருந்து உண்டாக்குவது' என்பது பத்தியில் இல்லாத, ஆனால் உலகத்தில் உண்மையான ஒன்றை நுழைப்பது. 'பகுதியை முழுமையாக்குவது' தலைப்புக் கேள்வியில் வரும்: ஒரு மூலையில் மட்டும் வரும் சேதியைப் பத்தி முழுவதற்கும் தலைப்பாக நீட்டுவார்கள்.

ஓர் உதாரணத்தை நானே செய்து காட்டுகிறேன். ஒரு சிற்றூர் நூலகம் புத்தகத்தோடு காய்கறி விதைகளையும் இரவல் தருகிறது. அறுவடைக்குப் பிறகு விதையைத் திருப்பித் தர வேண்டும். முதல் ஆண்டில் பாதிப் பேர் தரவில்லை. "விதை வரவில்லை, தக்காளி வந்தது" என்கிறார் நூலகர், அடுத்த ஆண்டுக்கு இன்னும் இரண்டு அலமாரி வாங்கியிருப்பதாகவும் சொல்கிறார். கேள்வி: நூலகரின் மனநிலை என்ன? ஏமாற்றம், அலட்சியம், நிறைவு, சந்தேகம். நல்ல மாணவர்களிலும் சிலர் 'ஏமாற்றம்' என்று குறிப்பார்கள். பாதிப் பேர் திருப்பித் தராவிட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்டது நூலகரின் மனம். விடை 'நிறைவு', அதைக் காட்டுவது அலமாரி வாங்கிய வரி.

ஆகவே பையனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "எந்த வரி?" விடையைச் சரி, தப்பு என்று சொல்ல வேண்டாம். விரலை வைக்கட்டும். சரியான விடைக்கும் விரல் வைக்க வேண்டும், ஏனென்றால் குத்துமதிப்பாகச் சரியானது அடுத்த முறை தப்பாகும். 'இன்ஃபர்' என்று கேள்வியில் வந்தாலும் இதே விதிதான். ஊகிப்பது என்றால் வரியிலிருந்து ஒரே ஓர் அடி எடுத்து வைப்பது. இரண்டாவது அடி வைத்தால் பத்தியை விட்டு வெளியே போயாயிற்று.

கோலாலம்பூர்: சொல் பட்டியல் எங்கே கிடைக்கும்?

மேலே ஈப்போவுக்குச் சொன்னது உங்களுக்கும்.

மதுரை, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்: "அர்த்தம் கேட்டால் சொல்கிறான்" என்கிறார்களே, அதுதான் நோயின் வேர். 31 ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். தாய்மொழியில் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே படிக்க வேண்டும். நீங்கள் ஏன் இதைச் சொல்லவில்லை?

ஐயா, வணக்கம். தேர்வு அறையில் மொழிபெயர்க்க நேரமில்லை என்பதில் உங்களோடு நிற்கிறேன். கேட்டலும் அதே தாளில் வரும் மாகாணங்களில் அதற்கு இருபது நிமிடம் போக, வாசிப்புக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தர முடியாது. ஆனால் பயிற்சியில் தாய்மொழியை அறவே விடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. காரணம் இந்த வாக்கியம், வகுப்புக்காக நான் எழுதியது:

'தி ஃபார்மர்ஸ் ஹூ கெப்ட் தி சீட்ஸ் தட் தெயர் கிராண்ட்மதர்ஸ் ஹாட் சேவ்ட் டியூரிங் தி ட்ரவுட் ரெஃப்யூஸ்ட் டு செல் தெம்.'

ஒரு சொல்லும் கடினமில்லை. விற்க மறுத்தது யார் என்று கேட்டேன். வகுப்பில் பலர் பாட்டிகள் என்றார்கள். 'ரெஃப்யூஸ்ட்' என்ற வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்கள் பாட்டிகள்தானே. உழவர்கள் வாக்கியத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஜாங்கின் தொப்பி லீக்குப் போவது இப்படித்தான்.

தமிழில் இதைச் சொன்னால் 'வறட்சியின்போது பாட்டிமார் சேமித்த விதைகளைக் காத்துவந்த உழவர்கள் விற்க மறுத்தார்கள்' என்று வரும். அடைமொழி முழுவதும் முன்னால் வந்துவிட, உழவர்கள் தங்கள் வினையோடு சேர்ந்து நிற்கிறார்கள். நமக்குப் பெயரெச்சம் இருப்பதுபோல் சீனத்தில் 'தெ' என்றோர் அசை உண்டு. 'நேற்று வந்த ஆள்' என்பது அங்கே 'ஸுவோதியென் லாய் தெ ரென்': நேற்று, வந்த, ஆள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. பெயருக்குப் பின்னால் அடை தொங்குவது தமிழ்க் காதுக்கும் சீனக் காதுக்கும் அந்நியம். அதனால்தான் அந்தப் பிள்ளைகளின் தடுமாற்றம் எனக்குச் சட்டென்று புரிந்தது.

மாணவன் 'புரிந்தது' என்று தலையாட்டுவான். அவன் மொழியில் சொல்லச் சொன்னால்தான் புரிந்ததா என்று எனக்குத் தெரியும்.

ஷாங்காய், பொறியாளர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சொல்லுக்குச் சொல் நம் வரிசை என்றீர்கள். சீனத்தில் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். 'நான் சாப்பிடுகிறேன் சோறு' என்றுதான் வரும். உங்கள் உழவர் வாக்கியம் தமிழ் மாதிரி அப்படியே வராது.

சரியான திருத்தம், நன்றி. 'நேற்று வந்த ஆள்' அப்படியே வரும், உழவர் வாக்கியம் வராது. வினையும் பொருளும் நிற்கும் முறையில் சீனம் ஆங்கிலத்தோடு சேர்கிறது, பெயருக்கு அடை சேர்க்கும் முறையில் நம்மோடு. எளிய வாக்கியங்களில் ஆங்கிலம் தங்கள் மொழி போலவே நடப்பதால் சீன மாணவர்கள் முதல் சில ஆண்டுகள் வேகமாகப் போகிறார்கள். 'ஹூ', 'விச்', 'தட்' வந்ததும் சறுக்குகிறார்கள்.

மதுரை ஆசிரியர்: சொல்லச் சொல்லிப் பழக்கினால் தேர்விலும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருப்பான். பழக்கம் விடாது.

உண்மையான ஆபத்துதான், நானும் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் அளவு வைத்தேன்: ஒரு நாளைக்கு ஒரே வாக்கியம், அதுவும் பத்தியை நேரம் வைத்துப் படித்து விடை குறித்த பிறகு. எந்த வாக்கியம் என்பதை மாணவனே தேர்ந்தெடுப்பான், தன்னைத் தடுக்கியது எதுவோ அது. எழுதுவதற்கு முன் முக்கிய வினையின் அடியில் கோடு, அதைச் செய்தவர் மேல் வட்டம். சில மாதங்களில் பலருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் வட்டமும் கோடும் மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் போய்விடும். முடிவில் நீங்கள் சொல்லும் இடத்துக்குத்தான் வருகிறோம், ஐயா.

திருச்சி: எந்தச் செயலியில் பயிற்சி செய்யலாம்?

தாளில். தேர்வு தாளில்தான் நடக்கிறது. 2024இல் முதல் தாளின் மூன்றாம் பத்தியே திரையில் படிப்பதையும் தாளில் படிப்பதையும் ஒப்பிட்டது.

ஷென்ஜென்: கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியையா?

கேள்வியை. ஆனால் நான்கு விடைகளையும் கையால் மூடிக்கொண்டு. நான்கில் மூன்று பொய். பத்தியைப் பார்ப்பதற்கு முன் மூன்று பொய்களை மனத்தில் ஏற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணம்: நான்காம் பத்தி அறிவியலாக வருகிறதாமே. பின்னணி அறிவு இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

பின்னணி அறிவு தேவையே இல்லை. சில நேரம் அது கெடுதல். 2022இல் நான்காம் பத்தி, வேளாண்மைக்குப் பிறகு மனிதர் மென்மையான உணவுக்கு மாறியதால் தாடை அமைப்பு மாறி, மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து எழும் 'எஃப்', 'வி' ஒலிகள் பரவின என்ற ஆய்வைப் பற்றியது. எந்தப் பதினேழு வயதுக்கும் அது புதுச் செய்தி. கேட்டவை எல்லாம் பத்திக்குள்ளேயே இருந்தன. ஆய்வுப் பத்தியில் மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: என்ன கேட்டார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள். 'ஆனால்' என்று பொருள் தரும் சொல்லுக்குப் பின்னால் வருவதை இரண்டு முறை படிக்கட்டும்.

பினாங்கு: சொற்கள் 3000ஆ 3500ஆ?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. பட்டியலை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை படித்து வாசிப்பில் முன்னேறிய ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. சொல் பத்தியில்தான் ஒட்டும். இனி இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

கோவை: ஏழில் ஐந்து பகுதிக்கு உத்தி?

ஐந்து வெற்றிடம், ஏழு வாக்கியம், இரண்டு மிச்சம். வெற்றிடத்துக்கு முன் வாக்கியத்தையும் பின் வாக்கியத்தையும் பாருங்கள். 'திஸ்', 'தே', 'அனதர்' போன்ற சுட்டுச் சொற்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு விடையில் இரட்டை மனது இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். ஒன்று தப்பானால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஹாங்ஜோ: ஆங்கிலத்துக்குப் பதில் ஜப்பானிய மொழி எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். ரஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகியவற்றிலும் எழுத வழி உண்டு. எடுப்பது நல்லதா என்பதைச் சேர விரும்பும் படிப்பு என்ன கேட்கிறது என்று பார்த்துப் பள்ளியில் பேசி முடிவு செய்யுங்கள்.

சேலம்: ஒரு நாளைக்கு எத்தனை பத்தி செய்ய வேண்டும்?

அங்கே 'ஷுவா தீ' என்பார்கள், கேள்விகளைத் தேய்த்துத் தள்ளுவது. நாளைக்கு எட்டுப் பத்தி தேய்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதே தவறை எட்டு முறை செய்தார்கள். இரண்டு போதும், உண்மையான பழைய தாள்களிலிருந்து. மாதிரித் தாள்களில் பலவற்றுக்கு விரல் வைக்க வரியே இருக்காது. அவற்றில் பழகினால் ஊகிக்கும் கெட்ட பழக்கம் வரும். இரண்டு பத்தி, ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி.

ஃபோஷான் தாய்: மறுபடியும் நான்தான். எனக்குச் சீனம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். மகள் என்னோடு தமிழில் பேசுவாள். நான் எப்படி உதவ முடியும்?

அம்மா, உங்களால் முடிவது அவள் வகுப்பு ஆசிரியரால்கூட முடியாது. இரவுச் சாப்பாட்டின்போது அன்று படித்த பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பரீட்சை மாதிரி கேட்க வேண்டாம், கதை கேட்பதுபோல் கேளுங்கள். 'அவங்க', 'அது' என்று சொல்லிக்கொண்டே போவாள். "அவங்கன்னா யாரு?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் விட்டுவிடுங்கள். தயங்கினால் எழுந்து போய்த் தாளை எடுத்து வரட்டும், அந்த வரியைக் காட்டட்டும்.