ஒளியாண்டு ஒப்பிக்கும் பையன்

அன்புள்ள ஐயா,

என் பையனுக்கு எட்டு வயது. பில் நை தொடரையும் அதுபோன்ற அறிவியல் நிகழ்ச்சிகளையும் விடாமல் பார்க்கிறான். கருந்துளை, ஒளியாண்டு என்று எதைக் கேட்டாலும் சொல்வான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்காட்டச் சொல்வோம், அசந்துபோவார்கள். ஆனால் வகுப்பில் ஆர்வமே இல்லை என்கிறார் ஆசிரியை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்க விடலாம்? தமிழில் இப்படி நிகழ்ச்சிகள் இல்லாததுதான் குறையா?

எம்.

அன்புள்ள எம்,

எவ்வளவு நேரம் என்பது உங்கள் வீட்டு விஷயம். தமிழில் போதவில்லை என்பது உண்மைதான், அதைத் தனியாக எழுதவேண்டும். என்னை உறுத்தியது 'சொல்லிக்காட்டச் சொல்வோம்' என்ற வரி. ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? ஒரு காலத்தில் குறளை ஒப்பிக்க வைத்தோம், இப்போது ஒளியாண்டையா?

சில நாட்களாக யஷ்பாலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். 1975இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு ஓராண்டு தொலைக்காட்சியைக் கொண்டுபோன 'சைட்' திட்டத்தில் முன்நின்றவர். அப்புறம் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். அப்பேர்ப்பட்ட மனிதர் தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயின்ட்' நிகழ்ச்சியில் உட்கார்ந்து, யாரோ அனுப்பிய கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வார். மொழி எங்களுக்குப் பாதிதான் புரியும். ஆனால் ஒரு கேள்வியை இவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொள்ளும் பெரியவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் தலைமையிலான குழு 1993இல் பள்ளிக்கல்வி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே குழந்தைக்குப் பெரிய சுமை என்றது. உங்கள் பையன் சுமப்பதும் அதுதான், வீடியோவிலிருந்து வந்ததால் பாரம் குறைந்துவிடாது.

1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று ஜனங்கள் வெளியே வராமலிருக்க சினிமா போட்டது தூர்தர்ஷன். அதே தூர்தர்ஷன் 1995 அக்டோபர் 24 முழுக் கிரகணத்தை நேரலையில் காட்டியது, யஷ்பால் விளக்கினார். எங்கள் ஊரில் பகுதிக் கிரகணம்தான். கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு டிவி முன்னால் இருந்தோம். ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் வழக்கமாக விழும் வெயில் வட்டங்கள் அன்றைக்குப் பிறைகளாகியிருந்தன, சிமென்ட் தரை முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள். இடுக்கு கோணல்மாணலாக இருக்கும்போது விழுவது மட்டும் ஏன் சூரியன் வடிவத்தில் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "கிரகண நேரத்துல வாயை மூடிட்டு உக்காரு" என்றார். பிறகொரு நாள் அட்டையில் சின்னதாக முக்கோண ஓட்டை போட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தரைக்குப் பக்கத்தில் பிடித்தால் முக்கோணம், உயரத் தூக்கத் தூக்க வட்டம். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பில் நை மேல் எனக்குக் குறையில்லை. 1993 முதல் 1998 வரை வந்த 100 பகுதிகளும் துள்ளிக்கொண்டு ஓடும், வீட்டிலேயே செய்துபார்க்கும் சோதனைகளையும் காட்டுவார். அதில் ஒன்றையாவது உங்கள் வீட்டில் செய்தீர்களா? பார்ப்பது அவன் வேலை, பெருமைப்படுவது நம் வேலை என்று இருந்துவிட்டீர்கள். 1951இல் அமெரிக்காவில் 'வாட்ச் மிஸ்டர் விஸார்ட்' தொடங்கிய டான் ஹெர்பர்ட் விஞ்ஞானி அல்ல, போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பக்கத்து வீட்டுக் குழந்தை அவரைத் தேடி வரும், வீட்டுச் சாமான்களை வைத்து இருவருமாகச் செய்துபார்ப்பார்கள். அந்த நிகழ்ச்சியின் உயிரே குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பதுதான். உங்கள் வீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது, எம். எந்த டிவியும் அதை நிரப்பாது. ஆசிரியையும் நிரப்பமுடியாது, அவருக்கு நாற்பது பிள்ளைகள்.

இன்றைக்குப் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவனருகில் உட்காருங்கள். ஒளியாண்டு என்று வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். ஒளி ஓராண்டில் போகும் தூரம்தான் அது, முதலில் பக்கத்திலிருக்கும் சூரியனிலிருந்து தொடங்குங்கள். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சூரிய ஒளி நம்மிடம் வந்துசேர எவ்வளவு நேரம் என்று இரண்டு பேரும் காகிதத்தில் வகுத்துப் பாருங்கள், 500 நொடி வரும். அதை நிமிடமாக்குவதை அவனிடம் விட்டுவிடுங்கள், தப்பாகப் போட்டால் திருத்த அவசரப்படவேண்டாம்.