பூசும் முன்பா, பூசிய பின்பா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நண்பருடன் சிறு நிறுவனம் நடத்துகிறேன். சிப் ஆலைகளில் வேஃபரை (சிப் செய்யும் சிலிக்கான் வட்டத்தகட்டை) சுழற்றி, அதன்மீது ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளிபட்டால் மாறும் பூச்சு) பூசும்போது தடிமன் மாறாமல் காக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை கேட்டோம். பரிசோதகர் இரண்டு பழைய காப்புரிமைகளைச் சேர்த்துக் காட்டி, இறுதி நிராகரிப்பு அனுப்பிவிட்டார். மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் உடனே வேண்டாம் என்பேன்.

உங்கள் முதல் உரிமைக்கோரலில் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியில்) "அளந்த மதிப்பைக் கொண்டு சுழல்வேகத்தைத் திருத்துதல்" என்று இருக்கிறது. எதை, எப்போது அளந்த மதிப்பு? முதல் பழைய காப்புரிமை, பூசி முடித்த வேஃபரின் தடிமனை அளந்து அடுத்த வேஃபருக்கு வேகத்தைத் திருத்துகிறது. நீங்களோ பூசும் முன்பே காற்றின் ஈரப்பதத்தை அளந்து, அதே வேஃபருக்கு வேகத்தை மாற்றுகிறீர்கள். நல்ல வேறுபாடுதான். ஆனால் அது கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரையில் மட்டும் இருக்கிறது, உரிமைக்கோரலில் இல்லை. பரிசோதகர் உரிமைக்கோரலின் சொற்களை நியாயமான அளவில் எவ்வளவு விரிவாகப் பொருள்கொள்ளலாமோ அவ்வளவு விரிவாகக் கொள்வார். அந்த வலையில் நீங்களும் சிக்குகிறீர்கள்.

வேக வரம்பை எண்ணில் எழுதித் தப்ப நினைக்காதீர்கள். தடிமனை 1 சதவீதம் குறைக்க வேகத்தை ஏறத்தாழ 2 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது இத்துறையில் யாருக்கும் தெரிந்தது. "வழக்கமான சரிசெய்தல்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

"முதல் ஆவணத்தில் ஈரப்பதம் இல்லை, இரண்டாவதில் வேகத் திருத்தம் இல்லை" என்று தனித்தனியாக மறுப்பதும் எடுபடாது. இரண்டையும் சேர்க்க இத்துறையினருக்கு ஏன் தோன்றாது என்று காட்டுங்கள். இரண்டாவது காப்புரிமை ஈரப்பதத்தை மாறாமல் நிலைநிறுத்துகிறது. மாறாத ஒன்றுக்காக யார் வேகத்தைத் திருத்தப்போகிறார்கள்? உங்கள் வழக்கின் உயிர் இதுதான்.

ஆகவே முதலில் தொடர் பரிசோதனைக் கோரிக்கை (அதே விண்ணப்பத்தை மீண்டும் பரிசோதிக்கக் கேட்பது) போட்டு, "பூசத் தொடங்கும் முன் அளந்த ஈரப்பதம்", "அதே வேஃபர்" என்ற சொற்களைச் சேருங்கள். அவற்றுக்கு மூல விளக்கவுரையில் ஆதாரம் இருக்க வேண்டும். சோதனைத் தரவுகளையும் உறுதிமொழியோடு இப்போதே கொடுங்கள். மேல்முறையீடு தொடங்கியபின் புதிய சான்றுக்குக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். இறுதி நிராகரிப்புக்குப் பதில் தர வழக்கமாக 3 மாதம்; கூடுதல் கட்டணம் கட்டினால் 6 மாதம் வரை. அதையும் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மீண்டும் நிராகரித்தால் அப்போது மேல்முறையீட்டுக்குப் போங்கள். அறிவிப்பு கொடுத்ததிலிருந்து 2 மாதத்தில் வாதவுரை தர வேண்டும்.

விளக்கவுரையில் ஆதாரம் இல்லாவிட்டால் புதிய விண்ணப்பம்தான் வழி. அதை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடாதீர்கள். சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, இங்கு வசிப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து 2 மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது பதிவாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். மீறுவது குற்றம்.