ராடு கொதிக்கவில்லையா, கரண்ட் குறைவா?

கேள்வி: தண்ணீர் காய்ச்சும் ராடில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. சாயங்காலம் அளந்தால் 180 வோல்ட், 3.4 ஆம்பியர். மின்தடையும் பவரும் எவ்வளவு? ராடு பழுதா?
– வாசகர், பாபநாசம்

பதில்: பழுதில்லை ஐயா. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஏறக்குறைய 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் பவர், 612 வாட். 230 வோல்ட் வந்தால்தான் அது 1000 வாட் ராடு. கம்பியின் மின்தடை அநேகமாக மாறாது. வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும். அதனால்தான் வோல்ட் கால்பங்குகூடக் குறையாதபோதே சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

ஆனால் இதே கணக்கைப் போர் மோட்டாரிடம் கொண்டுபோகாதீர்கள். வலங்கைமானில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிறேன். குறுவை நடவு வந்தால் கடையில் கருகிய வார்னிஷ் வாடை போகவே போகாது. லோ வோல்டேஜில் மோட்டார் நேர்மாறு, பாரம் இழுக்க ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும், காயில் வெந்துவிடும். அப்புறம், அதற்குப் பவர் ஃபேக்டர் வேறு உண்டு, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எத்தனை பங்கு நிஜமான பவர் என்ற கணக்கு. சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் பெருக்கி வந்த தொகையை மறுபடி 0.8 அளவில் பெருக்கிப் பாருங்கள்.