கேளுங்கோ, சொல்றம்: யூனிவர்சிட்டிக்கு எதுக்குக் காடு?

கேள்வி: மகள் கொழும்பு கம்பஸில ஸூலொஜி செய்யிறா. அமெரிக்காவில மிச்சிகனில இருக்கிற என்ட தம்பி, அங்க யூனிவர்சிட்டிக்கே சொந்தமா ஒரு காடு இருக்கு, பிள்ளைகள் கோடை லீவுக்கு அங்கயே தங்கிப் படிக்கிறாங்க எண்டு சொல்றான். லேப்புக்கே காசு தேடுற காலத்தில காடு எதுக்கு? அரசாங்கம் பார்த்தாப் போதாதா? மற்றது, மகளை சிங்கராஜாவுக்கு கூட்டிக்கொண்டு போகப் போறாங்களாம், அட்டையை நினைச்சாலே பயமா இருக்கு.
— ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: அக்கா, தம்பி சொல்றது டக்ளஸ் லேக் கரையில இருக்கிற மிச்சிகன் யூனிவர்சிட்டியின்ட உயிரியல் ஆராய்ச்சி ஸ்டேஷனாத்தான் இருக்கும். 1909ல தொடங்கினது, இப்ப கிட்டத்தட்ட 10,000 ஏக்கர். அது ஒண்டும் கன்னிக்காடு இல்ல, மரக்கொம்பனிக்காரர் வெட்டிக்கொண்டு போய், மிச்சத்தில நெருப்பும் பிடிச்சுக் கிடந்த காணி. அதுதான் அங்க விஷயமே, மொட்டையாப் போன காணி எப்பிடி திரும்பக் காடாகுது எண்டு பார்க்கலாம்தானே. ஒரு துண்டை 1936ல எரிச்சாங்க, இன்னொண்டை 1954ல, இன்னொண்டை 1998ல, இப்ப நீங்க அந்தத் துண்டுகளுக்குள்ள நடந்து போனா வேற வேற வயசுக் காட்டை ஒரே நாளில பார்த்திடலாம்.

2008ல செய்தது இன்னும் பெரிய வேலை. 6,700க்கு மேல அஸ்பென், பேர்ச் மரங்களுக்கு பட்டையை வளையமா உரிச்சு விட்டாங்க. வேண்டுமெண்டே! அதுகள் சாக ரெண்டு மூண்டு வருஷம் எடுத்தது, அந்த நேரம் முழுக்க காட்டுக்கு மேல நிக்கிற கோபுரத்துக் கருவி எவ்வளவு கார்பனை காடு இழுக்குது எண்டு அளந்துகொண்டே இருந்தது. இவ்வளவு மரம் செத்தா காடு இழுக்கிற கார்பன் நல்லாக் குறையும் எண்டுதானே நாங்க நினைப்பம், ஆனா அப்பிடிக் குறையேல்ல, தப்பின மரங்கள் அந்த வெளிச்சத்தையும் உரத்தையும் எடுத்து வளர்ந்திட்டுது. இதை ஒரு நேஷனல் பார்க்கில செய்யப் போனா வாசலிலயே பிடிச்சிடுவாங்கள். காணி கையில இருந்து, அடுத்த அமைச்சர் வந்து நிப்பாட்ட மாட்டார் எண்டு தெரிஞ்சாத்தான் இப்பிடியான வேலைக்கு கை வைக்கலாம், அதாலதான் அரசாங்கம் மட்டும் போதாது எண்டு நான் சொல்லுவன்.

ஆனா அந்தப் பக்கத்துக் காணிகளின்ட கதை முழுக்க நல்ல கதை இல்ல. கிட்ட இருக்கிற பேர்ட் லேக் கரையில பழங்குடி ஆக்களின்ட கிராமம் ஒண்டு இருந்தது, வரிப் பாக்கி எண்டு காணியை வித்து, 1900 ஒக்டோபரில ஷெரிஃப், அதாவது அந்தப் பகுதிப் பொலிஸ் தலைவர், ஆக்களோட வந்து வீடுகளை எரிச்சுப் போட்டார். இதையும் சேர்த்துப் படிக்கிற பிள்ளைதான் உண்மையா ஃபீல்ட் வேர்க் செய்யுது.

இங்க நிலைமை வேற. சிங்கராஜா வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ட, கம்பஸ்காரர் பெர்மிஷன் எடுத்துத்தான் உள்ள போகோணும். ஆனாலும் பேராதனை ஆக்கள் அங்க 25 ஹெக்டேரில, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேல இருக்கிற மரம் ஒவ்வொண்டுக்கும் நம்பர் அடிச்ச தகடு போட்டிருக்கிறாங்க. சுமார் 2 லட்சம் மரம்! நிலத்தில இருந்து 1.3 மீற்றர் உயரத்தில டேப்பைச் சுத்தி தடிப்பு எடுக்கிறது, சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வந்து அதே இடத்திலயே எடுக்கிறது. சும்மா போரிங் வேலைதான், ஆனா எந்த மரம் எந்த மழைக்கு தாங்குது எண்டு இதை விட்டா வேற வழியில தெரியாது.

உங்கட மகளின்ட கம்பஸும் சும்மா இருக்கேல்ல. சிங்கராஜாவில பல சாதிக் குருவிகள் ஒரே கூட்டமாத் திரியும், அதை அந்தக் கம்பஸ் பேராசிரியர் சரத் கொட்டகம 1980களில இருந்து படிச்சு வந்தவர். அந்தக் கூட்டத்தில இருக்கிற துடுப்புவால் கரிச்சான் மற்றக் குருவிகள் ஆபத்துக்கு கத்துற சத்தத்தை அப்பிடியே கொப்பி பண்ணும்.

அட்டைக்கு பயப்பிடாதேங்கோ. முழங்கால் வரைக்கும் வாற நெருக்கமான துணிச் சொக்ஸ் விக்கிறாங்க, ரெண்டு சோடி வாங்கிக் குடுங்கோ, கடிச்சாலும் கொஞ்ச நேரம் ரத்தம் வடியும், அரிக்கும், அவ்வளவுதான். சொறியாம இருக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: படிக்காத எங்களுக்கும் இப்பிடியான இடம் பார்க்கலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தாராளமா அண்ணே. தம்புள்ளையில பொபம் மரத்தோட்டம் இருக்கு, 1963ல ஒரு வெள்ளைக்காரர் தொடங்கினது. மரம் நட்டு இல்ல, பத்தையை மட்டும் வெட்டி, தானா முளைச்சதுகளுக்கு இடம் விட்டே காடாக்கினவர். பிறகு கண்டி ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட குடுத்திட்டார். சிகிரியா போற வழிக்கு கிட்ட, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, விடியக்காலமையே போனா வெயிலுக்குத் தப்பலாம்.