பொல்லு ஊன்றுவதற்கல்ல, பின்னுக்குத் தள்ளுவதற்கு

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பார்க்கின்சன் நோய் வந்து நாலு வருசம். காலை நிலத்தில் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், இடது கை வீசுவதே இல்லை. நடைப்பயிற்சிப் பொல்லு (இரண்டு கையிலும் பட்டி மாட்டிப் பிடிக்கும் நோர்டிக் நடைப் பொல்லு) ஒரு சோடியை அண்ணா நோர்வேயிலிருந்து அனுப்பியிருக்கிறார். எப்படிப் பழக்குவது? கடற்கரை மணலில் நடக்கலாமா? (வாசகி, கல்லடி, மட்டக்களப்பு)

பதில்: பொல்லைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் அதை முன்னுக்கு நட்டுச் சாய்வார்கள். சாய்ந்தால் கூன்தான் கூடும். இந்தப் பொல்லின் முனை எப்போதும் பின்பக்கம் சரிந்தே இருக்க வேண்டும். அதைப் பின்னுக்குத் தள்ளும்போதுதான் கை வீச்சும் நீண்ட எட்டும் திரும்ப வரும்.

அப்பா சப்பாத்துப் போட்டு நின்று பொல்லை நிலைக்குத்தாகப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். கணக்கு, உயரத்தின் 0.68 மடங்கு. 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 112 வரும். பழகும்வரை 110 போதும். நீளம் கூடினால் தோள் மேலேறிவிடும். தார் வீதியில் பொல்லின் முனைக்கு இறப்பர் அடியைப் போடுங்கள். அது சப்பாத்து வடிவமென்றால் மூக்கு பின்னுக்குப் பார்க்க வேண்டும். நடக்க நடக்கச் சுழன்று முன்னுக்கு வந்தால் நிலத்தில் தட்டி இடறும்.

முதல் கிழமை பொல்லைக் குத்தவே வேண்டாம். கைப்பட்டியை மாட்டி, விரலைத் தளர்த்தி, இரண்டு பொல்லையும் பின்னால் இழுபட விட்டுச் சும்மா நடக்கட்டும். "கையை வீசுங்கோ" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பலருக்கு வலது காலோடு வலது கையே போகும். பேசாமல் விட்டால் கை மெல்ல ஆடத் தொடங்கும். ஆடும் கையோடு முனை நிலத்தில் பிடிக்கும்போது, "இப்போது தள்ளுங்கோ" என்றால் போதும். விரல் மூட்டு வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறார். நிறுத்தி, கையை உதறச் சொல்லுங்கள்.

திரும்பும்போதோ கேற் வாசலிலோ கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடம்பு வரும், கால் வராது, விழுவார். நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு இரண்டு மூன்று தரம் மாற்றி, ஒரு பெரிய எட்டு வைக்கட்டும். வளைவுகளை அகலமாகச் சுற்றட்டும். நடையில் கதை கொடுக்காதீர்கள், கவனம் பிரிந்தால் எட்டு சுருங்கும். எங்கள் ஊரில் வழியில் காண்பவர்களெல்லாம் சுகம் விசாரிப்பார்கள். நின்று பேசிவிட்டு நடக்கட்டும்.

காய்ந்த மணலில் காலும் புதையும் பொல்லும் புதையும். அலையோர ஈரமணலோ ஒரு பக்கம் சரிவு. கடற்கரை வீதி, இல்லாவிட்டால் காந்தி பூங்காவின் வாவியோரம் நல்லது. மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு இலகுவாகும்போது புறப்படுங்கள்; அதற்காக மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். கிழமைக்கு மூன்று நாள், 10 நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல 30 வரை கூட்டலாம்.

நீங்கள் இடது பக்கம், அரை எட்டுப் பின்னால் நடங்கள். எழும்போது தலை சுற்றினாலோ, அண்மையில் விழுந்திருந்தாலோ, பின்னுக்குச் சரிபவர் என்றாலோ முதலில் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுங்கள். பட்டி மாட்டிய கையோடு விழுந்தால் பொல்லை உதறிவிட்டுக் கையை ஊன்ற முடியாது.