தோரணத்தில் பாச்சை உருண்டை வாடை

கேள்வி: பரணில் கிடந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் துணிப்பூ மாலையும் பாச்சை உருண்டை வாடை அடிக்கின்றன. பொங்கலுக்குள் போகுமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: போகும் சகோதரி. சென்ட் மட்டும் அடிக்காதீர்கள், இரண்டும் கலந்து தலைவலிதான் வரும். உருண்டையில் இருக்கும் நாப்தலீன் உருகாமலே நேராக ஆவியாகிற பொருள், அதனால் காற்றோட்டம்தான் முதல் மருந்து; திண்ணை நிழலில் நாலைந்து நாள் கொடியில் தொங்கவிடுங்கள், கடும் வெயில் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். அப்புறம் பிளாஸ்டிக்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், சீரியல் பல்பு இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். துணிப்பூவை நனைக்காமல் காற்றிலேயே இன்னும் சில நாள் விடுங்கள். பிளாஸ்டிக்கைப் பூச்சி அரிக்காது, அதற்கு உருண்டையே தேவையில்லை. வாசலுக்கு நிஜ மாவிலையே கட்டலாமே, உங்கள் பக்கம் மாந்தோப்புக்கா பஞ்சம்!