வீட்டுப் பட்டறையில் ஹாட் ராட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் 1929 ஃபோர்டு ஒன்றை ‘ஹாட் ராட்’ ஆக்கிக்கொண்டிருக்கிறார். பழைய காரைப் புதுப்பிப்பதும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், மதுரை

இல்லை. புதுப்பிப்பவர், கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவரப் பார்ப்பார். ஹாட் ராட் கட்டுபவர் அதே காரை வேகத்துக்காக மாற்றுகிறார். 1930-களில் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, பம்பர் என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அந்தப் பந்தயங்களை முறைப்படுத்த 1937-ல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. உங்கள் மைத்துனரின் 1929 ஃபோர்டு ‘மாடல் ஏ’ வகை; அதன் நாலு சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைத்திறன்தான். 1932-ல் ஃபோர்டு கொண்டுவந்த பிளாட்ஹெட் வி8-ல் (வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் தட்டையான ஹெட் கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சின்) 65 கிடைத்தது. 1928-31 மாடல் ஏ ரோட்ஸ்டரின் (கூரையில்லாத கார்) லேசான பாடி, 1932-ன் சேஸிஸ், பிளாட்ஹெட் வி8: இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டணியைப் பற்றியவை.

கேள்வி: ஒரு கார் நிற்கும் ஷெட் இருக்கிறது. அடிப்பகுதி துருப்பிடித்த 1929 ரோட்ஸ்டர் பாடியும், 1948 பிளாட்ஹெட் எஞ்சினும் வாங்கிவிட்டேன். எஞ்சினை முதலில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகர், சாக்ரமென்டோ

வேண்டாம். எஞ்சினை முதலில் முடித்தால் அது மூடிபோட்டு மூலையில் காத்திருக்கும். சிலிண்டர் சுவரில் ஈரம் ஏறும். கார் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கப்போகிறது என்பதுதான் முதல் முடிவு. ஸ்டீயரிங், பிரேக், சைலன்சர் குழாய், ரேடியேட்டர் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். கடைசியில் போடப்போகும் அதே அளவு டயர், வீல்களை இப்போதே வாங்கிவிடுங்கள்.

பாடியில் கைவைக்கும் முன் உள்ளே ஒரு அங்குலச் சதுரக் குழாயால் குறுக்குக் கம்பிகள் கட்டுங்கள். கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஒன்று, இரு கதவுத் தூண்களுக்கு நடுவே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று. கதவைப் பூட்டி, இடைவெளி சரியாக இருக்கும்போதே டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வைக்க வேண்டும். ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. அடிச்சட்டத்தை வெட்டியதும் பாடி விரியும், அப்புறம் கதவு மூடாது. துரு மிக அதிகமென்றால் ஒஹாயோவின் புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் மாடல் ஏ-க்குப் புது இரும்புத் தகட்டில் பாடிகளும் பாகங்களும் செய்கிறது. அழுகிய அடிச்சட்டத்தை ஒட்டுப்போடுவதைவிட முழுதாக மாற்றுவதே நல்லது.

சேஸிஸ் விஷயத்தில், மாடல் ஏ-யின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 103.5 அங்குலம், 1932-க்கு 106. அது மட்டுமில்லை, எஞ்சின் அறைத் தடுப்புக்குப் பக்கத்தில் 1932 சட்டம் மாடல் ஏ பாடியைவிட அகலம். அதனால்தான் அந்த இடத்தில் சட்டத்தை வெட்டி உள்ளே ஒடுக்குகிறார்கள். இதை அளக்காமல் பாடியை மேலே வைத்தால் சட்டத்தின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், எந்தப் பெயின்டும் அதை மறைக்காது.

அடுத்து, காலி எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ் கூடு, ரேடியேட்டர், ஸ்டீயரிங் பாக்ஸ், பெடல், சீட் எல்லாவற்றையும் டேக் வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள். கிளட்சை மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் இப்போது திருத்துவது ஒரு மாலை வேலை. பெயின்டுக்குப் பிறகு அது ஒரு மாத வேலை. எல்லாம் பொருந்திய பிறகே முழு வெல்டிங், அப்புறம் பிரித்துப் பெயின்ட், கடைசியில் எஞ்சின்.

கேள்வி: சேஸிஸின் சி வடிவச் சட்டத்தின் உட்பக்கம் தகடு வைத்து மூடி வெல்டிங் செய்தேன். இரண்டு சட்டமும் வாழைக்காய் மாதிரி வளைந்துவிட்டன. என்ன தவறு?
– வாசகி, பெர்த்

ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் ஓட்டியிருப்பீர்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். தையல் முழுதும் சட்டத்தின் உட்பக்கத்தில் இருப்பதால் முனைகள் அந்தப் பக்கமே இழுக்கப்படும். இரண்டு சட்டத்தையும் சமதளமான ஐ-பீம் மேல் வைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள். 1/8 முதல் 3/16 அங்குலத் தகடு போதும். ஓர் அங்குலம் வெல்டிங், ஓர் அடி தள்ளி அடுத்தது. மேல் விளிம்பில் ஒன்று என்றால் கீழ் விளிம்பில் ஒன்று. இடச் சட்டத்தில் கொஞ்சம், வலச் சட்டத்தில் கொஞ்சம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே பழைய இடத்துக்குத் திரும்புங்கள். தகட்டின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துவிட்டு வெல்டிங் செய்தால்தான் பின்னால் கிரைண்டரில் மட்டமாக்கினாலும் பலம் இருக்கும்.

மூடுவதற்கு முன், பாடி போல்ட்டுகளுக்கான நட்டுகளையும் பிரேக் லைன் கிளிப்புகளையும் உள்ளே வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். மூடிய பிறகு அங்கே விரல் நுழையாது. முடிந்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1/8 அங்குலத்தைத் தாண்டினால் குறுக்குச் சட்டங்களை வைக்காதீர்கள்.

கேள்வி: மணிக்கு 45 மைல் போனதும் முன் சக்கரங்கள் பயங்கரமாக ஆடுகின்றன. 4 அங்குலம் இறக்கிய ஆக்ஸில், குறுக்கு ஸ்பிரிங், செவ்ரோலே வேகா காரின் ஸ்டீயரிங் பாக்ஸ். டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) போட்டும் முழுதாக நிற்கவில்லை.
– வாசகர், டாலஸ்

டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாகப் பாருங்கள்.

முதலில் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ச்சி. நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணி) அல்லது அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. புது புஷ் போடும்போது மேலதையும் கீழதையும் தனித்தனியாக ரீமர் ஓட்டக்கூடாது. ஒன்றில் பிடித்து மற்றதைக் குடையும் நீள ரீமர் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வராது.

அடுத்தது காஸ்டர், அதாவது கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். இந்த வகை ஆக்ஸிலுக்கு 5 முதல் 7 டிகிரி தேவை. சேஸிஸ் மட்டமாக இருந்தபோது 5 டிகிரி வைத்திருப்பீர்கள்; பிறகு பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர் போட்டுக் கார் 3 டிகிரி முன்சாய்ந்தால் மிச்சம் 2 டிகிரிதான். எஞ்சின், பாடி, பெட்ரோல், ஓட்டுநர் என முழு எடையும் ஏறிய பிறகு கோணமானியை வைத்து அளப்பதுதான் உண்மையான அளவு. டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி ஒடுங்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் பக்க அசைவில்தான். குறுக்கு ஸ்பிரிங் ஷாக்கிளில் (ஸ்பிரிங் முனையை ஆக்ஸிலோடு இணைக்கும் ஆடும் கொக்கி) தொங்குவதால் ஆக்ஸில் இடமும் வலமும் நகர இடமிருக்கிறது. பழைய ஃபோர்டில் ஸ்டீயரிங் ராடு முன்பின்னாக இயங்கியதால் அது தொல்லை தரவில்லை. வேகா பாக்ஸ் ராடைக் குறுக்கே தள்ளும். சக்கரம் திரும்புவதற்கு முன் ஆக்ஸிலே நகரும். சட்டத்துக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு பேன்ஹார்ட் ராடு (பக்க அசைவைத் தடுக்கும் குறுக்குக் கம்பி) கட்டாயம். அது ஸ்டீயரிங் ராடுக்கு இணையாக, முடிந்தவரை அதே நீளத்தில் இருக்கட்டும். நீளமோ கோணமோ மாறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் தானாகத் திரும்பும். ஷாக்கிள்கள் எடை ஏறிய நிலையில் சுமார் 45 டிகிரியில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். நேர்க்குத்தாகத் தொங்கினால் அசைவு கூடும். வீல் பேலன்ஸை இவ்வளவும் முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: இரவு முழுக்க நின்ற கார். காலையில் பிரேக் பெடல் தரைவரை போகிறது, இரண்டு மூன்று தடவை மிதித்தால் மேலே வருகிறது. ஏர் பலமுறை எடுத்துவிட்டேன். நான்கு சக்கரமும் 1940-களின் ஃபோர்டு டிரம்.
– வாசகர், மெல்போர்ன்

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) காரின் தரைத் தகட்டுக்குக் கீழே, சக்கரச் சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருக்கிறதா? அப்படியானால் ஆயில் மெல்லத் திரும்பி வழியும், வீல் சிலிண்டர் ரப்பர் சுவரோடு ஒட்டும் பிடியைத் தளர்த்தும், பின் காற்றை உள்ளே இழுக்கும். டிரம் பிரேக் லைனில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தை லைனிலேயே நிறுத்திவைக்கும் ரெசிடுவல் வால்வு வேண்டும். டிஸ்க் போட்டவர்களுக்கு 2 பிஎஸ்ஐ; அங்கே 10 வைத்தால் பேட் டிஸ்க்கைவிட்டு விலகாமல் சூடாகும். சில மாஸ்டர் சிலிண்டர்களுக்குள்ளேயே இந்த வால்வு இருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காரணமும் சேர்ந்திருக்கலாம். 1939-48 ஃபோர்டு பிரேக்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் (டிரம்மில் அழுந்தும் பிரேக் கட்டை) கீழே அதைத் தாங்கும் தனி ஆங்கர் போல்ட், மேலே இடைவெளியைச் சரிசெய்யும் தனி கேம். பலரும் மேல் கேமை மட்டும் திருப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆங்கர் போல்ட்டையும் சரிசெய்து லைனிங் முழுதும் டிரம்மில் படும்படி செய்தால்தான் பெடல் உயரும். லைனிங்கை அந்தந்த டிரம்மின் வளைவுக்கே அரைத்துப் பொருத்துங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் 1948-52 ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் பெண்டிக்ஸ் பிரேக்கைத் தேடுகிறார்கள். அதில் டிரம் சுழலும்போது ஷூ தானே இறுகும், குறைந்த மிதியில் அதிகப் பிடிப்பு.

எதைப் போட்டாலும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். ஒரு லைன் உடைந்தாலும் மற்ற இரண்டு சக்கரம் நிற்கும். லைன் 3/16 அங்குல ஸ்டீல் குழாய், முனையில் இரட்டை ஃபிளேர் (இரண்டு மடிப்பாக விரித்த வாய்). தாமிரக் குழாய் கூடவே கூடாது: அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

கேள்வி: பிளாட்ஹெட் என்றாலே சூடாகும் என்கிறார்கள். பிளாக் வாங்கும்போது எதைப் பார்ப்பது? சூட்டை எப்படித் தடுப்பது?
– வாசகர், டொரான்டோ

சூட்டுக்கான காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. இந்த எஞ்சினில் வெளியேறும் புகை பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் அறையின் ஊடாகச் செல்லும். நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே வழி. எனவே ரேடியேட்டர் ஏற்கும் சூடு சாதாரண எஞ்சினைவிட அதிகம். அதற்காகச் சூடாகியே தீரும் என்பதில்லை.

வாங்கும் முன் விரிசல் சோதனை அவசியம். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் வரை, ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கும் திருகாணி) துளையிலிருந்து தண்ணீர் துளை வரை: இந்த இரண்டும்தான் வழக்கமான இடங்கள். இரண்டாவதைச் சரிசெய்யலாம். முதலாவது சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் வேறு பிளாக் தேடுவது மலிவு. மேக்னஃபிளக்ஸ் (காந்தத்தால் விரிசலைக் காட்டும்) சோதனையோடு அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். 239 கன அங்குல பிளாக்கை சிலிண்டர் விட்டம் 3 5/16 அங்குலம் வரும்வரை குடைந்து, 1949-53 மெர்குரி காரின் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 276 கன அங்குலம் வரும். ஆனால் சோனிக் (மீயொலி) சோதனையில் சிலிண்டர் சுவர் தடிமன் தெரியாமல் அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

தண்ணீர் அறையில் வார்ப்பு மணலும் துருச் சேறும் கெட்டித்துக் கிடக்கும். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, கம்பியால் குத்தி, பிளாஸ்டிங் செய்து வெளியேற்றுங்கள். ரசாயனக் குளியல் மட்டும் போதாது. ஸ்டட்டுகள் தண்ணீர் அறைக்குள் இறங்குவதால் ஒவ்வொன்றுக்கும் சீலன்ட் தடவ வேண்டும். அலுமினிய ஹெட் என்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) போடுங்கள்: அலுமினியம் ஸ்டட்டைவிட அதிகமாக விரியும், சூட்டில் இறுக்கினால் ஆறியதும் தளரும்.

ஓடிக்கொண்டிருக்கும் காரில் கண்டுபிடிக்க ஒரு வழி: நிற்கும்போது சூடாகி ஓடும்போது தணிந்தால் காற்று பற்றாது, ஃபேனையும் அதைச் சுற்றிய கூண்டையும் பாருங்கள். ஓடும்போது ஏறினால் தீப்பொறி டைமிங் பின்தங்கல், அடைபட்ட பிளாக், மெலிந்த பெட்ரோல் கலவை. இரு பக்கத்துக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட் உண்டு. ஒன்று மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும்.

கேள்வி: இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். பெட்ரோல் மேலே வழிகிறது.
– வாசகர், சான் ஹோசே

பம்ப் அழுத்தத்தை அளங்கள். இன்றைய எலெக்ட்ரிக் பம்புகள் சாதாரணமாக 4-7 பிஎஸ்ஐ தள்ளும். 97-ன் ஊசி வால்வு 2.5 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டரும், அதற்குப் பின்னால் அழுத்தமானியும் வையுங்கள். அப்புறம் மிதவை மட்டம்: கேஸ்கெட் இல்லாமல் கிண்ணத்தின் மேல்விளிம்பிலிருந்து 15/32 அங்குலம் கீழே பெட்ரோல் நிற்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் ராடைக் கழற்றிவிட்டு, ஐடிலில் தனித்தனியாகச் சமப்படுத்தி, பிறகு ராடின் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: பழைய ஃபோர்டு பின் ஆக்ஸிலில் சக்கர நட்டு அடிக்கடி தளர்கிறது.
– வாசகர், ஓக்லாந்து

அந்த ஹப் கூம்பு வடிவ முனையில் உட்காருவது. சக்தியைக் கடத்துவது அந்தக் கூம்பின் உராய்வு, சாவி (ஹப்பையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) துணைக்குத்தான். கூம்பில் கிரீஸோ பழைய துருவோ இருந்தால் ஹப் நழுவி, சாவி வெட்டுப்பட்டு, கடைசியில் ஷாஃப்ட்டே உடையும். இரண்டு முகத்தையும் உலர்வாகத் துடைத்து, 220 அடி-பவுண்டு இறுக்குங்கள். காட்டர் பின் (நட்டு தளராமல் பூட்டும் பிளவுக் கம்பி) துளை நேராக வராவிட்டால் இன்னும் முன்னோக்கி இறுக்குங்கள், ஒருபோதும் பின்னால் தளர்த்தாதீர்கள். முதல் 50 மைல் ஓடியதும் பின்னைக் கழற்றி மறுபடி இறுக்கத்தைப் பாருங்கள்.